முதல் நாவலை நாமே போடலாமா?

4 ஆகஸ்ட் 2024

தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, நாவல் முடிச்சு எட்டு மாசம் ஆச்சு. ரெண்டு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஒண்ணுல பதிலே இல்ல. இன்னொண்ணுல நாப்பதாயிரம் கட்டினா போடுறோம், நூறு பிரதி உங்களுக்குங்கிறாங்க. இதுக்கு நானே போட்டுடலாமா? நீங்க போட்டீங்களே, லாபமா நஷ்டமா?"

போடலாம் தம்பி. பணம் எப்படியும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது என்றால் அது எதற்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்து போகட்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடுகிறவருக்கு அதை விற்றுத்தான் ஆகவேண்டும் என்ற அவசரம் கிடையாது, அவருக்கு வரவேண்டியது முதல் நாளே வந்துவிட்டது. ஆகவே விற்கிற வேலை கடைசியில் உங்களிடம்தான் வரும். அதை முதலிலிருந்தே உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். எழுத்தாளருக்குப் பணம் கொடுத்துப் போடும் நல்ல பதிப்பகங்களும் இருக்கின்றன, அவர்களிடமிருந்து பதில் வர ஒரு வருடம்கூட ஆகும். காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள், அதில் தவறே இல்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பாம்பன். மண்டபத்தில் ஒரு ஐஸ் பிளான்டில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளும் ஐஸ் ஓடாது, எனக்கும் பாதி வேலைதான். அந்த நாட்களில் எழுதியதுதான் நாவல், ஐந்து தடைக்காலம் பிடித்தது. 2020-இல் கொரோனாவால் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்தார்கள், அந்த வருடம் இரண்டே அத்தியாயம். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய கதை. என் அம்மா முப்பது வருடம் செய்த வேலை அது. இந்த வருடம் தை மாதம் 200 பிரதி போட்டேன்.

லாபமா நஷ்டமா என்பதற்குக் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான் எழுதவேண்டும். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அச்சகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கரையில் இருக்கிற ஒருவர் அந்த நாவலை முழுசாகப் படித்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

5 ஆகஸ்ட் 2024

நேற்று ஒப்பந்தத்தைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. நான் சொந்தமாகப் போடுவதற்கு முன் எனக்கும் ஒரு இடத்திலிருந்து ஒப்பந்தத் தாள் வந்தது, பெயர் வேண்டாம். அதில் எத்தனை ஆண்டுக்கு உரிமை என்று எழுதவே இல்லை. எழுதவில்லையே, நல்லதுதானே என்று நினைத்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் அது 5 ஆண்டு என்று கணக்கு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆனால் "என்றென்றைக்கும், எல்லா வடிவங்களிலும்" என்று ஒரு வரி இருந்து அதில் கையெழுத்தும் போட்டுவிட்டால் அப்புறம் மீட்பது பெரும்பாடு. அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாவற்றையும் ஒரே வரியில் கொடுத்துவிடாதீர்கள்.

உரிமையைப் பதிவு செய்தால்தான் நம்முடையது என்று சிலர் பயமுறுத்துவார்கள். எழுதிய கணமே அது உங்களுடையது. பதிவு விருப்பப்பட்டால்தான், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் இன்னும் 60 ஆண்டு. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று நம் கீழக்கரைக்காரரைப் பற்றிச் சொல்வார்களே, எழுதி வைத்துவிட்டுப் போகிற யாருக்கும் சட்டம் அந்த வாய்ப்பைத் தருகிறது. பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டியதை அவசரத்தில் ஒரு கையெழுத்தில் விட்டுவிடக் கூடாது.

9 ஆகஸ்ட் 2024

கணக்கு. டெம்மி அளவு, 224 பக்கம், 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், முதுகில் பசை வைத்து ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங். 200 பிரதி டிஜிட்டல் அச்சு, பிரதிக்கு 95 ரூபாய். விலை 250 வைத்தேன். ஆக ஒரு பிரதிக்கு 155 ரூபாய் நிற்கும். கடைக்குக் கழிவு கொடுத்தாலும் கையைக் கடிக்காது.

224 பக்கம் எப்படி வந்தது என்றால், டெம்மியில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற பக்கங்கள், 16 பக்கம், 14 பாரம் 224. என்னுடையது முதலில் 229 பக்கம் வந்தது. டிஜிட்டலில் இந்தப் பாரக் கணக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. ஆனால் நாளைக்கே மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சில் ஆயிரம் பிரதி போடுகிற நிலை வந்தால் அந்த 5 பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்டவேண்டும். அதனால் உட்கார்ந்து 5 பக்கத்தை வெட்டினேன். வெட்டியதில் நாவலுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு கல்யாணச் சாப்பாட்டு வர்ணனை போயிற்று, அவ்வளவுதான்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சகக் கூலிக்கு வரி சேர்ந்து வரலாம், விலை கேட்கும்போதே வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள்.

10 ஆகஸ்ட் 2024

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. தினமும் கணக்கு எழுதுகிறவள் இப்படி எழுதியிருக்கக் கூடாது. சொந்தப் புத்தகம் என்றதும் அச்சுக்கூலி மட்டும்தான் கண்ணில் பட்டது.

சரியான கணக்கு இது. பக்க வடிவமைப்பு பக்கத்துக்கு 30 ரூபாய், 6,720. மெய்ப்பு, அதாவது பிழைதிருத்தம், பார்த்தவருக்குப் பக்கத்துக்கு 20 ரூபாய், 4,480. அட்டைப்படம் 4,000. அச்சு 19,000. மொத்தம் 34,200. 200-ஆல் வகுத்தால் பிரதிக்கு 171. கடைக்கு 40 சதவீதம் கழிவு போனால் 250-இல் நமக்கு வருவது 150. அதாவது கடையில் விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் 21 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

இன்னும் இருக்கிறது. 200-ம் விற்பனைக்கு இல்லை. படிக்கக் கொடுத்தது, வாத்தியார்களுக்கு, உறவுக்காரர்களுக்கு, நூலகங்களுக்கு என்று 30 பிரதி போயிற்று. விற்க மிஞ்சியது 170. அப்படிப் பார்த்தால் அடக்க விலை 201 ரூபாய். இது தெரிந்திருந்தால் விலையை 280 வைத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். வைத்திருக்க மாட்டேன். பாம்பனில் 250-க்கு மேல் யாரிடமும் கேட்க வாய் வராது. வடிவமைப்பும் அட்டையும் ஒருமுறைச் செலவு, அடுத்த அச்சில் அவை திரும்ப வராது என்பது ஒரு ஆறுதல்.

25 ஆகஸ்ட் 2024

எழுத்துரு விஷயம். இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு மூன்று வாரம் போயிற்று.

நான் நாவலை எழுதியது பாதி போனில், பாதி ஐஸ் பிளான்ட் கம்ப்யூட்டரில். போனில் யூனிகோட், எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்கிற எழுத்து முறை. கம்ப்யூட்டரில் பழைய தட்டச்சு முறை, அதையும் ஒரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினேன். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வடிவமைப்பாளர் பக்கம் கட்டி அனுப்பினார். நாவலில் பௌர்ணமி அடிக்கடி வரும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும், பெண்கள் அந்த நாட்களைப் பார்த்துத்தான் தீவுப் பக்கம் பாசிக்குப் போவார்கள். ஒரு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தலாம் என்று "பௌர்ணமி" என்று தேடினால் 7 இடம் காட்டியது. எனக்குத் தெரிந்து இருபது இடமாவது இருக்கும். மற்றவை எங்கே?

மற்றவை எல்லாம் "பெளர்ணமி". கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் ப-வும் ஔகாரக் குறியும். இரண்டாவதில் பெ என்ற எழுத்தும் பக்கத்தில் ள என்ற எழுத்தும். படிக்கிறவருக்குத் தெரியாது, இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு சொல். மின்னூலில் போட்டால் அகராதியும் தேடலும் அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்காது.

நான் செய்த காரியம் என்ன தெரியுமா, கோப்பு முழுக்க "ெள" இருக்கிற இடத்தில் எல்லாம் "ௌ" போடு என்று ஒரே கட்டளை. ராத்திரி பதினொரு மணி. மறுநாள் திறந்தால் வெள்ளம் என்ற சொல் வௌ்ளம் ஆகிக் கிடக்கிறது. வெளியே என்பது வௌியே. தெளிவு, வெள்ளி எல்லாம் அப்படித்தான். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தேன். அதனால் தம்பி, "பெளர்ணமி", "கெளரவம்", "மெளனம்", "செளகரியம்" என்று சொல் சொல்லாகத் தேடுங்கள், குறியை மட்டும் தேடாதீர்கள். அதேபோல ர-வும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும். பழைய எழுத்துருவில் அடித்தவர்கள் இரண்டுக்கும் ஒரே விசையைத் தட்டியிருப்பார்கள்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டுகிறவர் என்றால் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பை இயக்கிவிட்டாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஒருபக்கம் எழுத்து ஒருபக்கம் நிற்கும். கடைசி மெய்ப்பைத் தாளில் எடுத்துத்தான் படிக்கவேண்டும். போனில் நான்கு முறை படித்தும் சிக்காத பிழை தாளில் முதல் பார்வையிலேயே சிக்கியது.

13 செப்டம்பர் 2024

முதல் நாள் சொன்னேனே, கரையில் ஒருவர் படித்திருக்க வேண்டும் என்று. அதற்கு வருகிறேன்.

எனக்கு மெய்ப்புப் பார்த்தவர் பழைய தமிழாசிரியர், கடற்கரைக்காரர் இல்லை, உள்நாட்டுப் பக்கம். ஒற்றுப்பிழை ஒன்றுகூட அவர் கண்ணில் தப்பாது. என் எழுத்தில் க், ச், த், ப் எங்கெங்கே மிகும் எங்கெங்கே மிகாது என்று அவரிடம்தான் படித்தேன், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் நாவலில் ஒரு கிழவர் சொல்கிறார்: "வாடை அடிச்சா வடகடல் ஆகாது." திருத்திய பிரதியில் அது "நாற்றம் அடித்தால் வடகடல் ஆகாது" என்று வந்தது. அவருக்கு வாடை என்றால் மீன் வாடை. நமக்கு அது வடக்கத்திக் காற்று. ஐப்பசியில் வாடை எழும்பினால் தீவுக்கு வடக்கே இருக்கிற வடகடல் கொந்தளிக்கும், வல்லம் என்கிற நாட்டுப்படகுகளைத் தெற்கே தென்கடல் பக்கம் கொண்டுபோவார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குப் பெயரான கச்சான் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார். நல்லவேளை, மாற்றவில்லை. தெரியாததைக் கேட்டுவிட்டார். வாடை விஷயத்தில் தெரிந்த சொல் என்று நினைத்ததால்தான் கேட்கவில்லை.

அதை அச்சுக்கு முன்னால் பிடித்துவிட்டேன். பிடிக்காமல் விட்டது என் சொந்தப் பிழை. பக்கம் 61-இல் "கச்சான் காலத்தில் அவன் தென்கடலுக்கு வல்லம் இறக்கினான்" என்று எழுதியிருக்கிறேன். புத்தகம் வந்து இருபது நாள் இருக்கும். ஐஸ் ஏற்ற வந்த பெரியவர் ஒருவர் புத்தகத்தைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு வந்தார். பக்கத்தை மடித்து வைத்திருந்தார். "ஏம்மா, கச்சான்ல தென்கடல்ல எவன் வல்லத்த எறக்குவான்? இழுத்து மேட்டுல போட்டுட்டு வடகடலுக்குல்ல போவான்" என்றார். கோபமே இல்லை அவர் குரலில். அதன் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை: "மத்ததெல்லாம் சரியா எழுதியிருக்க. இத நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருக்கலாம். ஐந்து வருடம் தினமும் அவருக்கு ஐஸ் ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறேன், எழுதுகிறேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கூச்சம். இவர்கள் எங்கே நாவல் படிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பும் மனசின் ஓரத்தில் இருந்தது. அந்த நினைப்பு தவறு. கையில் கொடுத்தால் படிக்கிறார்கள், அதுவும் நம்மைவிட உன்னிப்பாக.

14 செப்டம்பர் 2024

சிறு சேர்க்கை. கரையில் ஒருவர் போதாது, கடலே பார்க்காத ஒருவரும் வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் என் தோழிக்கு அச்சுக்கு முன் அனுப்பினேன். நாவலின் கடைசியில் நாற்பது சொல்லுக்கு அருஞ்சொற்பொருள் போட்டிருந்தேன். அவள் படித்துவிட்டு, அந்தப் பட்டியல் இருப்பதையே கடைசியில்தான் பார்த்தேன், அது இல்லாமலே எல்லாம் புரிந்தது என்றாள். பட்டியலை எடுத்துவிட்டேன். சம்மாட்டி, வத்தை, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எல்லாம் கதைக்குள் நடமாடினால் படிக்கிறவருக்குப் பழகிவிடும்.

6 அக்டோபர் 2024

தம்பி ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், பற்றிக் கேட்டார். ஒரு இடத்தில் அதற்கு 2,500 ரூபாய் சொல்கிறார்களாம். அது இலவசம் தம்பி, ஒரு காசு கட்டவேண்டாம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கிற தேசிய முகமைதான் கொடுக்கிறது. இணையத்தில் விண்ணப்பம். எழுத்தாளரே பதிப்பாளர் என்று தனிநபராகவே விண்ணப்பிக்கலாம், பதிப்பகம் என்று ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்துகொண்டுதான் வரவேண்டும் என்பது இல்லை. எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று, அதனால் அட்டை தயாராகும் முன்பே தொடங்கிவிடுங்கள். 13 இலக்கம், நம் நாட்டுக்கு 978-க்குப் பிறகு 81 அல்லது 93 வரும். அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. அமேசானின் மின்னூல் தளமான கின்டிலில் போட ஐஎஸ்பிஎன் கட்டாயம் இல்லை, அவர்களே ஒரு எண் கொடுத்துவிடுவார்கள்.

புத்தகம் வந்ததும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டும், அது சட்டம்.

20 அக்டோபர் 2024

மேலே ஒரு பிரதி என்று எழுதிவிட்டேன், நான்கு. நூல்கள் ஒப்படைப்புச் சட்டம் 1954-இன்படி வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் நம் செலவில் அனுப்பவேண்டும். நான் நான்குக்கும்தான் அனுப்பினேன், எழுதும்போது ஒன்று என்று வந்துவிட்டது. நாலு பார்சலையும் பாம்பன் போஸ்ட் ஆபீஸில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பாலத்துக்கு மேலே நல்ல கொண்டல் காற்று. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் கிராமத்துப் பெண்களின் கதை கொல்கத்தாவில் ஒரு அலமாரியில் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் புத்தகக் கட்டு வந்து இறங்கிய அன்றுகூட இல்லை.

10 நவம்பர் 2024

மின்னூல். கின்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழ் இருக்கிறது. போடுவதற்குச் செலவு இல்லை. இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டும் என்றால் அவர்களின் செலக்ட் திட்டத்தில் சேரவேண்டும், இல்லாவிட்டால் 35. சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் விற்கவோ சும்மா கொடுக்கவோ கூடாது. அந்தக் கட்டுப்பாடு மின்னூலுக்கு மட்டும், அச்சுப் புத்தகத்தை எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். சந்தாதாரர்கள் படித்தால் பக்கக் கணக்கில் காசு வரும்.

எனக்கு அதில் பெரிய தொகை வரவில்லை. ஆனால் மலேசியாவிலிருந்தும் துபாயிலிருந்தும் நம் பக்கத்து ஆட்கள் எழுதினார்கள். கீழக்கரை, பெரியபட்டினத்திலிருந்து போய் அங்கே இருக்கிறவர்கள். அவர்களுக்கு அச்சுப் புத்தகம் அனுப்பினால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். அவர்களுக்காகவே மின்னூலைப் போடுங்கள்.

28 டிசம்பர் 2024

குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்பும் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். தபால் ஆபீஸில் பதிவுப் புத்தக அஞ்சல் என்று கேட்டேன், இனிமேல் இல்லை என்றார்கள். என்னைப் போல் ஒன்று இரண்டாக அனுப்புகிறவர்களுக்கு அது பெரிய துணை. ஒரு பிரதி கேட்டு எழுதுகிறவரிடம் தபாலுக்குத் தனியாக இவ்வளவு என்று சொல்லவே சங்கடமாக இருக்கிறது. சிறு பதிப்பாளர்களுக்காக இதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பி, உங்கள் விலையைப் போடும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

16 பிப்ரவரி 2025

ஒரு வருடம் முடிந்துவிட்டது, தம்பியின் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும்.

கையில் விற்றது 96 பிரதி, 24,000 ரூபாய். கடைகளுக்குக் கொடுத்தது 40. அதில் 22-க்குக் காசு வந்துவிட்டது, 3,300. மிச்சம் 18 பிரதி ஒரு கடையில் இருக்கிறது, விற்றுவிட்டது என்கிறார்கள், காசு வரவில்லை. நான்கு முறை போன் செய்தேன். கொடுக்கும்போதே ஒரு தாளில் எத்தனை பிரதி, எவ்வளவு கழிவு, எந்தத் தேதிக்குள் கணக்கு முடிக்கவேண்டும் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். ஐஸ் ஒரு பார் கொடுத்தால்கூட ரசீது போடுகிறோம். புத்தகத்துக்கு மட்டும் ஏன் அந்தத் தயக்கம் என்று எனக்கே விளங்கவில்லை.

ஆக வந்தது 27,300. செலவு 34,200. 6,900 இன்னும் நிற்கிறது, வீட்டில் 34 பிரதி இருக்கிறது. அந்த 34-ம் கையில் விற்றால் 8,500, முதல் திரும்பி மேலே கொஞ்சம் நிற்கும். நஷ்டமும் இல்லை, லாபம் என்று சொல்கிற அளவும் இல்லை.

கையில் விற்றது எங்கே என்று பாருங்கள். எங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் அரங்கு போட்டிருந்த ஒருவர் மேசை ஓரத்தில் ஒரு முழம் இடம் கொடுத்தார், அங்கே 31. ஐஸ் பிளான்ட் மேசையில் 40-க்கு மேல். படகு கரை சேர்ந்து பங்குக்காசு பிரிக்கிற நாளில் மேசையில் வைத்திருப்பேன், காசு எண்ணிய கையோடு ஒருவர் எடுத்துப் பார்ப்பார், மகளுக்கு என்பார், வாங்கிக்கொண்டு போவார். பாசிக்குப் போகிற பெண்கள் ஐந்தைந்து பேராகச் சேர்ந்து 50 ரூபாய் போட்டு மூன்று பிரதி வாங்கினார்கள். படித்த பிள்ளை வாசிக்க மற்றவர்கள் கேட்டார்களாம். அந்த மூன்று பிரதியை எத்தனை பேர் படித்ததாகக் கணக்கு வைப்பது?

நாற்பதாயிரம் கட்டிப் போட்டிருந்தால் இந்த விற்பனை நடந்திருக்குமா என்று கேட்டால், நடந்திருக்கும், நூறு பிரதி கையில் இருந்திருக்கும். ஆனால் இரண்டாவது அச்சில் எதையும் திருத்த நான் இன்னொருவரைக் கெஞ்சவேண்டி இருந்திருக்கும்.

8 ஏப்ரல் 2025

ஞாயிற்றுக்கிழமை பாம்பனில் புது ரயில் பாலம் திறந்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் நின்ற ரயில் மறுபடி ராமேஸ்வரம் தீவுக்குள் வருகிறது. பஸ்ஸில் ரோட்டுப் பாலத்தில் போகும்போது பக்கத்தில் ரயில் போவதைப் பார்த்து எல்லோரும் ஜன்னல் பக்கம் எழுந்துவிட்டார்கள்.

தம்பி தொண்டியிலிருந்து வந்திருந்தார், தாளில் எடுத்த பிரதியோடு. ஐஸ் பிளான்டிலேயே உட்கார்ந்து பேசினோம். அவர் நாவலில் பனை ஏறுகிறவர் ஒருவர் வருகிறார். சாயல்குடிப் பக்கம் ஏறுகிற ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்றேன். ஏற்கனவே கொடுத்துவிட்டேன் அக்கா, பாளை சீவுகிற அத்தியாயத்தை முழுசா மாத்தச் சொல்லிட்டார் என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதி.

17 ஏப்ரல் 2025

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஐஸ் பிளான்ட் சத்தம் இல்லாமல் கிடக்கிறது. இரண்டாம் அச்சு 100 பிரதி போடுகிறேன். பக்கம் 61-இல் கச்சானைத் திருத்தியாயிற்று.

கோப்பை அனுப்பப் போகிற நேரம், திங்கள்கிழமை சாயங்காலம், அண்ணன் மகள் அம்மாவுக்கு நாவலைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. போன வருடமே பாதி கேட்டாள், பிறகு கண் ஆபரேஷன், அது இது என்று நின்றுபோயிற்று. பக்கம் 143 வந்தது. என் கதைநாயகி விடிகாலையில் படகில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றுகிறாள், பாறை கிழிக்காமல் இருக்க. முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதிக்கிறாள். நான்கு வரி. எனக்குப் பிடித்த வரிகள்.

அம்மா நிறுத்தச் சொன்னாள். "ஒத்தக் கைய அவளே கட்டிருவா. ரெண்டாவது கைய எப்படிடி கட்டுவா? மொதக் கையில அஞ்சு விரல்லயும் துணி. பிடி நிக்குமா?" தன் கையை நீட்டிக் காட்டினாள். "பக்கத்துல உள்ளவதான் கட்டிவிடுவா. அவளுக்கு இவ கட்டிவிடுவா. கட்டைவெரல் முடிச்ச மட்டும் பல்லால இழுத்து இறுக்கணும். நெதம் அப்படித்தான்."

சின்ன வயதில் நான் நூறு முறை பார்த்திருப்பேன். கரையில் நின்று பார்க்கும்போது எல்லோரும் குனிந்து கையைக் கட்டிக்கொண்டிருப்பது தெரியும், யார் கையை யார் கட்டுகிறார்கள் என்று தெரிந்ததில்லை.

ராத்திரி அந்த இடத்தைத் திரும்ப எழுதினேன். இப்போது படகில் அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், வலது கையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு கட்டுகிறாள். ஒன்பது வரி கூடிற்று. அத்தியாயம் முடிகிற பக்கம் என்பதால் அடியில் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. பக்கம் நகரவில்லை, 224-தான். காலையில் கோப்பை அனுப்பிவிட்டேன்.